வரிசையின் நடுவில் நிற்கும் வீடு

கெண்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் ஓஸ்லி என்றொரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. ஆனால் 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஓஸ்லியில் வாழ்ந்தவர்கள் 4,858 பேர்தான். நம்மூர் ஊராட்சி ஒன்றில் இருக்கும் அளவுக்கான கூட்டம். குடித்தனங்கள் 1,894. அந்தக் கணக்கெடுப்பு ஓஸ்லியைப் பற்றி ஓர் எண்ணைச் சொன்னது: குடித்தன வருமானத்தின் இடைநிலை அளவு ஆண்டுக்கு 15,805 டாலர். அமெரிக்கா முழுவதற்கும் அதே கணக்கெடுப்பு சொன்ன எண் 41,994 டாலர். நாட்டின் நடு வீட்டுக்கு வந்த வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்குகூட ஓஸ்லியின் நடு வீட்டுக்கு வரவில்லை.

இந்த ஓர் எண்ணை ஆண்டுதோறும் கணித்துக் கோடாக வரைவது எளிய வேலை போலத் தோன்றும். புள்ளியியலில் அரை நூற்றாண்டாக அறிஞர்கள் மல்லுக்கட்டிவரும் வேலை அது. ஏன் என்று பார்க்க, முதலில் அந்த நடு வீட்டிடமே போவோம்.

ஓஸ்லியின் 1,894 குடித்தனங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த வருமானம் இடது கோடியில், மிக அதிகம் வலது கோடியில். 947-ஆவது வீட்டுக்கும் 948-ஆவது வீட்டுக்கும் நடுவே போய் நின்றால் அங்கே இருப்பதுதான் இடைநிலை அளவு. பாதி வீடுகள் அதற்குக் கீழே, பாதி மேலே. கூட்டி வகுக்கும் சராசரியை ஏன் எடுப்பதில்லை? ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் சம்பாதிக்கும் ஒருவர் ஓஸ்லியில் வந்து வீடு கட்டினால், அவர் ஒருவராலேயே கவுண்டியின் சராசரி வருமானம் ஆயிரம் டாலருக்கு மேல் எகிறும். மற்ற 1,894 அடுப்புகளில் அன்றைக்கும் அதே உலைதான் கொதிக்கும். இடைநிலை அளவோ அரை வீடு தள்ளி நிற்கும், அவ்வளவுதான். சிறிய ஊரைப் பற்றிப் பேசும்போது இந்த உறுதி தேவை.

குடித்தனம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். குடும்பம் வேறு, குடித்தனம் வேறு என்பது தமிழில் பேசுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்பிலும் இந்த வேறுபாடு உண்டு. உறவினர் இருவராவது சேர்ந்து வாழ்ந்தால் குடும்பம். தனியாக வாழும் மூதாட்டியும் ஒரு குடித்தனம். அதே 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓஸ்லியின் குடும்ப வருமான இடைநிலை அளவு 18,034 டாலர். ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே படிவம். எந்த அலகை எடுத்தோம் என்பதிலேயே 2,229 டாலர் வித்தியாசம். பழைய அட்டவணையில் குடும்பத்தையும் புதிய அட்டவணையில் குடித்தனத்தையும் எடுத்து ஒப்பிட்டுவிட்டு, ஊர் ஏழையாகிவிட்டது என்று எழுதிவிடுவது மிகச் சுலபம்.

வருமானம் என்ற சொல்லும் அப்படித்தான். படிவம் எட்டு வகை வரவுகளைக் கேட்கிறது: கூலியும் சம்பளமும், சொந்தத் தொழில் அல்லது விவசாய வரவு, வட்டி வாடகை, சமூகப் பாதுகாப்புத் தொகை, அரசு உதவிகள், ஓய்வூதியம் என்று. வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. பயிர் பொய்த்தால் விவசாய வரவை நட்டமாகவும் எழுதலாம்; அந்த வீடு வரிசையின் இடது கோடிக்கும் அப்பால் போய் நிற்கும், அடுத்த ஆண்டு விளைந்தால் நடுவுக்கு வரும். உணவு உதவி அட்டையில் வாங்கிய மளிகை இதில் சேராது. கொல்லையில் காய்த்த பீன்ஸும் காட்டில் வெட்டிய விறகும் சேராது. மலைக் கிராமத்தில் இவை சின்ன விஷயங்கள் இல்லை.

காலத்தில் பின்னோக்கிப் போகப் போக இந்தச் சிக்கல் கூடும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருமானத்தைப் பற்றி முதன்முதலாகக் கேட்டது 1940-இல். அரசு வீட்டுப் பணப்பெட்டிக்குள் கை விடுகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் சார்லஸ் டோபி அதை முன்னின்று நடத்தினார். அந்த ஆண்டுப் படிவத்தில் 32-ஆவது பத்தி கூலியையும் சம்பளத்தையும் மட்டும் டாலரில் கேட்டது. 33-ஆவது பத்தி, வேறு வழியில் 50 டாலரோ அதற்கு மேலோ வந்ததா என்று கேட்டு, ஆம் இல்லை என்ற பதிலோடு நின்றுகொண்டது. புகையிலையும் சோளமும் விற்றுப் பிழைத்த விவசாயியின் வரிசையில் சம்பளம் பூஜ்யம், அடுத்த கட்டத்தில் ‘ஆம்’. எவ்வளவு என்பதற்கு இடமே இல்லை. ஒரு விவசாயக் கவுண்டியின் வருமானக் கதையை 1940-லிருந்து தொடங்க நினைப்பவர் முட்டி நிற்கும் இடம் அந்தப் பத்திதான்.

2000 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நீண்ட படிவம் ஒன்று போனது. அந்த ஆண்டில் நாடு முழுவதும் சராசரியாக ஆறு வீட்டுக்கு ஒன்று அதை நிரப்பியது. ஆகவே 15,805 என்பதும் முழு எண்ணிக்கை இல்லை, மாதிரியிலிருந்து வந்த மதிப்பீடுதான். ஆனாலும் தாராளமான மாதிரி. அதன்பின் நீண்ட படிவம் கைவிடப்பட்டது. 2005 முதல் அதன் இடத்தில், ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு முழு வீச்சில் வந்தது. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளுக்குப் படிவம் போகிறது. நாட்டில் 14 கோடி வீடுகள். நாற்பதுக்கு ஒன்று.

நாற்பதுக்கு ஒன்று என்றால் ஓஸ்லி அளவுள்ள ஊரில் ஆண்டுக்கு ஐம்பது வீடுகூடத் தேறாது. சிறிய ஊர்களில் விகிதத்தைக் கூட்டித்தான் எடுக்கிறார்கள் என்றாலும், பூட்டிக் கிடக்கும் வீடுகளும் பதில் தராத வீடுகளும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஐம்பது வீடுகளே கிடைத்தன என்று வைத்துக்கொண்டு அவற்றை வரிசைப்படுத்துவோம். 25-ஆவது வீட்டுக்கும் 26-ஆவது வீட்டுக்கும் நடுவில் மாதிரியின் இடைநிலை அளவு இருக்கும். ஊரின் உண்மையான நடு வீட்டு வருமானம் எங்கே? 18-ஆவது வீட்டின் வருமானத்துக்கும் 33-ஆவது வீட்டின் வருமானத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதைத்தான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். ஐம்பது பேர் வரிசையில் பதினெட்டாவது ஆளையும் முப்பத்து மூன்றாவது ஆளையும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் பகுதி நேர வேலையில் இருப்பார், மற்றவர் வீட்டில் இரண்டு பேர் சம்பளம் வாங்குவார்கள். அந்த அகலமான இடைவெளிதான் நம் அறிவின் அளவு.

இதைச் சுருக்க ஒரே நேர்வழி, இன்னும் பல வீடுகளைக் கேட்பது. பணம் இல்லாததால் ஆண்டுகளைச் சேர்க்கிறார்கள். 65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு மட்டும்தான் முழு அளவிலான ஓராண்டு மதிப்பீடு வெளியாகிறது. மற்ற எல்லா ஊர்களுக்கும் ஐந்தாண்டுப் பதில்களை ஒரே குவியலாகப் போட்டுக் கணிக்கிறார்கள். அப்படி வந்த முதல் தொகுப்பு 2005 முதல் 2009 வரைக்குமானது. 2010 டிசம்பரில் வெளியானது. ஐம்பது வீடு 250 வீடாகும்போது, மேலே சொன்ன இடைவெளி நூற்றுக்கு 36-லிருந்து 66 வரை என்பதிலிருந்து 44-லிருந்து 56 வரை என்று சுருங்கும். நல்ல லாபம்தான். ஆனால் ஐந்து மடங்கு உழைப்புக்கு இடைவெளி ஐந்தில் ஒன்றாகவில்லை, பாதிக்குச் சற்றுக் கீழே போனது. வர்க்கமூலத்தின் கறார்க் கணக்கு அது.

விலையும் கொடுத்தாக வேண்டும். ஐந்தாண்டுக் குவியலில் ‘இந்த ஆண்டு’ என்ற ஒன்று கரைந்துவிடுகிறது. வட டகோட்டாவின் மெக்கென்ஸி கவுண்டியை எடுத்துக்கொள்வோம். 2000-இல் 5,737 பேர், 2010-இல் 6,360, 2020-இல் 14,704. இடையில் நடந்தது பாக்கன் பாறைப் படுகையின் எண்ணெய் வேட்டை. பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை அங்கே சூடுபிடித்ததும், கோதுமையும் மாடும் இருந்த ஊரில் லாரி ஓட்டுநருக்கும் துளைப்புத் தொழிலாளிக்கும் கை நிறையச் சம்பளம். 2014-இன் பிற்பாதியில் எண்ணெய் விலை சரிந்தது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஐந்தாண்டுச் சாளரம் வழியே பார்ப்பவருக்குச் சிகரமும் தெரியாது, பள்ளமும் தெரியாது, மழுங்கிய மேடு ஒன்றுதான் தெரியும். கூடவே இன்னொன்று: அங்கே தொழிலாளர்களுக்காகத் தற்காலிக முகாம்கள் முளைத்தன. பாசறை போன்ற கூட்டுத் தங்குமிடங்களில் இருப்பவர் எந்தக் குடித்தனத்திலும் சேரமாட்டார். அவர் வாங்கும் சம்பளம் அந்த மண்ணில் சம்பாதித்ததாக இருந்தும் குடித்தன வருமானக் கணக்குக்குள் வராது.

சாளரங்களை ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2015–2019 தொகுப்பும் 2016–2020 தொகுப்பும் நான்கு ஆண்டுகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடையே தெரியும் வித்தியாசம் உண்மையில் 2015-க்கும் 2020-க்கும் இடையிலானது, அதுவும் ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துப்போய். ஒன்றையொன்று தொடாத தொகுப்புகளை ஒப்பிடுவதே முறை என்று கணக்கெடுப்புத் துறையே சொல்கிறது. அப்போதும் பிழை வரம்பைப் பார்த்தாக வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒரு கவுண்டியின் மதிப்பீடு 28,000 டாலர், பிழை வரம்பு இருபுறமும் 4,000 என்று வைப்போம். ஐந்தாண்டு கழித்து 31,000, வரம்பு 4,500. மூவாயிரம் டாலர் கூடிவிட்டது என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதும். வித்தியாசத்துக்கான பிழை வரம்பைப் பார்க்க இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: ஏறத்தாழ 6,020. மூவாயிரத்தைவிட இரு மடங்கு. கூடியதா குறைந்ததா என்று இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லவே முடியாது.

அப்படியானால் ஓஸ்லி போன்ற ஊருக்கு ஆண்டுதோறும் ஓர் எண் எப்படி வெளியாகிறது? வெளியாகத்தான் செய்கிறது. அதன் பின்னால் இருப்பது இந்தத் துறையின் மிக அழகான யோசனை.

1972-இல் அமெரிக்க மத்திய அரசு தன் வருவாயில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் இயற்றியது. ஏறத்தாழ 39,000 உள்ளாட்சிகள். யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்யும் அளவுகோல்களில் தலா வருமானமும் ஒன்று. 500 பேருக்கும் குறைவாக வாழும் ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1970 கணக்கெடுப்பின் மாதிரியை வைத்துக் கணித்தால் 500 பேர் உள்ள ஊரில் தலா வருமான மதிப்பீட்டின் திட்டப்பிழை சுமார் 13 சதவீதம், 100 பேர் உள்ள ஊரில் சுமார் 30 சதவீதம். அதை நம்பிப் பணம் பிரிக்க முடியாது என்று, அந்த ஊர்களுக்கெல்லாம் கவுண்டியின் சராசரியையே போட்டுவிட்டார்கள். ஊரின் சொந்தக் குரலை முழுவதும் அடைத்துவிடும் வழி அது. கணக்கெடுப்புத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் இருவரும் நடுவழி ஒன்றைக் கண்டார்கள். 1979-இல் வெளியான அவர்களது கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளம்.

அவர்களது வழியைப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவதோடு ஒப்பிடலாம். ஊரில் கேட்ட சில வீடுகளின் பதில் ஒரு கையில். மற்ற எல்லா ஊர்களிலும் வருமானத்துக்கும் வரிக் கணக்குக்கும் வீட்டு மதிப்புக்கும் இருக்கும் பொதுவான தொடர்பிலிருந்து, இப்படிப்பட்ட ஊரில் வருமானம் இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் எண் மறு கையில். இரண்டையும் அவற்றின் நம்பகத்துக்கு ஏற்ற எடை போட்டுச் சேர்க்க வேண்டும். கவுண்டிக்கும் இதே வழிதான். ஒரு கவுண்டியில் நேரடியாகக் கேட்டுக் கிடைத்தது 24,000 டாலர், அதன் திட்டப்பிழை 4,000 என்று வைப்போம். தொடர்பிலிருந்து ஊகித்தது 30,000, பிழை 2,000. பிழையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் எடை போட்டால் ஒன்றுக்கு நான்கு. ஆக மதிப்பீடு 28,800. அதிக வீடுகளைக் கேட்டிருந்தால் முதல் எண்ணின் எடை கூடும், ஊரின் குரல் ஓங்கும். இப்படிச் சேர்ப்பதால் மொத்தப் பிழை குறையும் என்பதற்கு அதற்கு முன்பே சார்லஸ் ஸ்டைன் கணித நிரூபணம் தந்திருந்தார். சிறுபகுதி மதிப்பீடு என்று இன்று பெயர் பெற்ற இந்தத் துறைக்கு ஜே.என்.கே. ராவ் போன்ற இந்தியாவில் பிறந்த புள்ளியியலாளர்கள் பெரும்பங்கு தந்திருக்கிறார்கள். ராவ் 2003-இல் எழுதிய நூல்தான் அதன் பாடநூல்.

கணக்கெடுப்புத் துறையின் சிறுபகுதி வருமான–வறுமை மதிப்பீடு என்ற திட்டம் 1990-கள் முதல் இதே வழியில் கவுண்டிகளுக்கு ஓராண்டு எண்களைத் தருகிறது. வருமான வரிப் படிவங்கள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை, தனிநபர் வருமானப் புள்ளிவிவரம், முந்தைய கணக்கெடுப்பு எல்லாம் அதற்குத் துணை. செயின்ட் லூயிஸ் மைய வங்கிக் கிளை ஒவ்வொரு கவுண்டிக்கும் அதைக் கோடாக வரைந்து வெளியிடுகிறது. அந்தக் கோட்டின் தலைப்பே ‘மதிப்பீடு’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. கோட்டைப் பார்க்கும் கண்கள் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகின்றன. 2005-இல் அந்தக் கோட்டில் ஒரு ஒட்டுத் தையலும் இருக்கிறது. அதற்கு முன் அடிப்படையாக இருந்த வேறொரு கணக்கெடுப்பில் நாட்டின் பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகளில் ஒரு வீடுகூட இடம்பெறவில்லை. அந்த ஆண்டுகளில் அப்படிப்பட்ட கவுண்டியின் எண் முழுக்க முழுக்கக் கைமாற்று. தையலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள புள்ளிகளை ஒரே துணியாக நினைத்து ஒப்பிடக் கூடாது.

இந்த முறையை நான் மதிக்கிறேன். அதே சமயம் அது எங்கே தவறும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா ஊர்களின் பொது இயல்பை நோக்கி அது ஒவ்வோர் ஊரையும் சற்று இழுக்கிறது. மற்ற ஊர்களைப் போல இல்லாத ஊர்தான் இதில் அதிகம் திரிபடும். வரிப் படிவமே தாக்கல் செய்யத் தேவையில்லாத அளவுக்கு வருமானம் குறைந்த முதியவர்கள் நிறைந்த மலைக் கவுண்டியில், துணைத் தரவும் அவர்களைப் பார்ப்பதில்லை. எவர் நிலையை அறிய இந்த வேலையெல்லாம் நடக்கிறதோ, அவர்களே மங்கலாகத் தெரிகிறார்கள்.

இனி காலம். பணவீக்கத்தைக் கழிப்பது எளிய பகுதி. 2000 கணக்கெடுப்பு கேட்டது முந்தைய ஆண்டான 1999-இன் வருமானத்தை. நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 1999-இல் 166.6, 2022-இல் 292.7. ஓஸ்லியின் 15,805 டாலர் 2022-இன் பணத்தில் ஏறத்தாழ 27,760 ஆகும். அதற்குக் கீழே இருக்கும் எந்த எண்ணும் வாங்கும் சக்தியில் இறக்கம்தான். ஆனால் விலையைத் திருத்திய பிறகும் பெரிய கேள்வி அப்படியே நிற்கிறது. 1999-இன் நடு வீடும் 2022-இன் நடு வீடும் ஒரே வீடா?

ஐந்து குடித்தனங்கள் உள்ள தெரு ஒன்றைப் பாருங்கள். வருமானம், ஆயிரம் டாலரில்: 10, 14, 22, 36, 50. நடு வீடு 22. நான்காவது வீட்டில் அப்பாவின் ஓய்வூதியம் 16, மகனின் கூலி 20. மகனுக்குக் கல்யாணமாகி அதே தெருவில் தனிக்குடித்தனம் போகிறான். இப்போது ஆறு குடித்தனங்கள்: 10, 14, 16, 20, 22, 50. இடைநிலை அளவு 18. தெருவில் ஒருவருக்கும் ஒரு டாலர் குறையவில்லை, இடைநிலை வருமானம் 22-லிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. மாறாக, முதல் இரண்டு வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் இறந்துபோனால் மிஞ்சுவது 22, 36, 50. இடைநிலை அளவு 36-க்கு ஏறும். சாவு வீட்டைக் கடந்து வந்து, ஊர் முன்னேறிவிட்டது என்று அட்டவணை சொல்லும்.

ஓஸ்லியின் மக்கள்தொகை 4,858-லிருந்து 2020-இல் 4,051 ஆனது. எண்ணூறு பேர் குறைந்த ஊரில், போனவர்கள் யார் என்று கேட்காமல் வருமானக் கோட்டுக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. பிழைப்புத் தேடி இளையவர்கள் வெளியேறினால் கோடு ஒரு பக்கம் சாயும், வறியவர்கள் போனால் மறு பக்கம் சாயும். உள்ளே இருப்பவர்களின் வாழ்க்கை இரண்டிலும் மாறாமல் இருக்கக்கூடும்.

இந்த எண்ணைச் சரியாகக் கணிப்பதில் ஏன் இவ்வளவு அக்கறை? அமெரிக்க விவசாயத் துறை கிராமங்களுக்குக் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போட மானியம் தருகிறது. திட்டச் செலவில் 75 சதவீதம் வரை மானியமாகக் கிடைக்குமா, 45 சதவீதம்தானா, ஒன்றுமே கிடைக்காதா என்பதை முடிவு செய்வதில் அந்த இடத்தின் குடித்தன வருமான இடைநிலை அளவுக்கு முக்கியப் பங்கு உண்டு. மானியம் போக மீதி கடன். கடனைத் தண்ணீர் வரியாகக் கட்டுவது அதே குடித்தனங்கள். நாலாயிரம் டாலர் பிழை வரம்புள்ள எண் ஒன்று கோட்டுக்கு மேலே விழுந்ததா கீழே விழுந்ததா என்பதில் ஒரு கிராமத்தின் தண்ணீர்க் கட்டணம் மாறிவிடலாம். அதனால்தான் கேட்கிறேன்: எந்த ஊரின் வருமான வரைபடத்தைப் பார்த்தாலும், எத்தனை வீடுகளைக் கேட்டார்கள், எத்தனை ஆண்டுகளைச் சேர்த்தார்கள், பிழை வரம்பு எவ்வளவு என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். பிழை வரம்பைக் கணக்கெடுப்புத் துறை ஒளிப்பதில்லை. மதிப்பீட்டுக்கு அடுத்த பத்தியிலேயே அச்சிடுகிறது.

ஹவாயின் மொலோக்காய் தீவில் கலாவாவோ என்ற கவுண்டி இருக்கிறது. தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த தீபகற்பம் அது. 2020-இல் அங்கே 82 பேர் இருந்தார்கள். நாட்டின் மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளுக்கும் ஆண்டுதோறும் எண் தரும் அந்தச் சிறுபகுதி மதிப்பீட்டுத் திட்டம், கலாவாவோவுக்கு மட்டும் எந்த எண்ணும் தருவதில்லை.